பழைய பஸ் ஸ்டாண்டில் சுண்ணாம்புக் கோடு

பிப்ரவரி 3, திங்கள்

தம்பி செந்தூர்பாண்டி வந்திருந்தான். கவுன்சிலர் ஆன பிறகு அவன் எங்கள் வீட்டுக்கு வருவதே அபூர்வம். வந்தாலும் செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போய்விடுவான். இன்று உள்ளே வந்து உட்கார்ந்து, சுக்குக் காப்பி கேட்டு வாங்கிக் குடித்தான். ஏதோ விஷயம் இருக்கிறது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

பஸ் ஸ்டாண்டைப் புறவழிச்சாலைக்குக் கொண்டுபோன பிறகு பழைய பஸ் ஸ்டாண்ட் சும்மா கிடக்கிறது. சும்மா என்பது நகராட்சி பாஷை. காலையில் கொத்தனார்களும் சித்தாள்களும் வேலைக்குக் கூப்பிட ஆள் வருமா என்று அங்கேதான் நிற்கிறார்கள். சாயங்காலமானால் தள்ளுவண்டி, பூக்கூடை, பழைய துணி, கரும்புச் சாறு என்று அத்தனையும் அங்கேதான். இப்போது அதில் 'மக்கள் சதுக்கம்' கட்டப் போகிறார்களாம். உட்கார இடம், நடக்க இடம், பிள்ளைகள் விளையாட இடம். கட்டுவதற்கு முன்னால் சுற்றியிருக்கிற ஜனங்களைக் கூப்பிட்டு, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்கப் போகிறார்களாம். அதற்காகவே சென்னையிலிருந்து ஒரு கம்பெனி வருகிறது. அவர்களுக்கு உள்ளூரில் ஒரு ஆள் வேண்டுமாம்.

"நீ மகளிர் குழுல எத்தன வருஷம் செயலாளரா இருந்திருக்க! உனக்குத் தெரியாத வீடு உண்டுமா? நீ கேட்டாத்தான்க்கா வாயத் தொறப்பாவ" என்றான்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவன் தெருமுனை திரும்புவதற்குள் போன் பண்ணிச் சரி என்று சொல்லிவிட்டேன். தைக்க வந்த ரவிக்கைகள் அப்படியே கிடக்கின்றன. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

பிப்ரவரி 6, வியாழன்

அடையாள அட்டை வந்துவிட்டது. என் போட்டோ, கீழே 'ச. சண்முகவடிவு, சமூக ஒருங்கிணைப்பாளர்'. நீலக் கயிறு. ரேஷன் கடைக்குப் போகும்போது கழற்ற மறந்துபோய்க் கழுத்திலேயே கிடந்தது. சர்க்கரை போடுகிற பையன் எழுந்து நின்று பேசினான்.

வீட்டுக்காரர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பின்னால ஒண்ணும் எழுதல" என்றார். மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிற மனுஷன்; எதையும் பிரித்துப் பார்க்காமல் விடமாட்டார்.

பிப்ரவரி 9, ஞாயிறு

முதல் கூட்டம், நகராட்சிப் பள்ளிக்கூடத்தில். படு கேவலம்.

சென்னையிலிருந்து லாவண்யா என்கிற பெண் வந்திருந்தாள். நல்ல பிள்ளை, எல்லோரையும் அக்கா, அண்ணா என்று கூப்பிடுகிறாள். சுவர் முழுக்க வெள்ளைக் காகிதம் ஒட்டி, ஆளுக்கு மூன்று கலர்ப் பொட்டு கொடுத்தாள். உங்களுக்குப் பிடித்த படத்துக்கு நேராகப் பொட்டை ஒட்டுங்கள் என்றாள். வந்தவர்கள் பொட்டைக் கையில் வைத்துக்கொண்டு தம்பியின் முகத்தைப் பார்த்தார்கள். தம்பி நகராட்சி ஆணையரின் முகத்தைப் பார்த்தான். ஆணையர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் டீச்சர் ஒருத்தி எழுந்துபோய் நீரூற்றுப் படத்துக்கு நேராக ஒட்டினாள். அவ்வளவுதான், மொத்த ஜனமும் வரிசையாகப் போய் அதன் பக்கத்திலேயே ஒட்டிவிட்டு பிஸ்கட் எடுத்துக்கொண்டு போய்விட்டது. உண்மையில் அந்த பஸ் ஸ்டாண்ட் திடலில் புழங்குகிறவர்கள் ஒருத்தர்கூட வரவில்லை.

லாவண்யா சோர்ந்துபோய் உட்கார்ந்துவிட்டாள். "ஏன்க்கா யாரும் பேச மாட்றாங்க?" என்றாள். அவளுக்கு எப்படிப் புரியும்? டேப்பைப் பிடித்துக்கொண்டு அளவெடுக்க ஆள் வருகிறான் என்று காதில் விழுந்தால் போதும், அந்தத் திடலே காலியாகிவிடும். வண்டிகள் சந்துக்குள் போய்விடும். பூக்கூடைகள் கோயில் மதில் ஓரம் ஏறிவிடும். இங்கே யார் உட்காருகிறார்கள் என்று கேட்டால் யாரும் இல்லை என்று டீக்கடைக்காரன் சத்தியம் செய்வான். இத்தனை வருஷமும் அப்படித்தான் பிழைத்திருக்கிறார்கள்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குக் கடை போட வருகிறவர்கள் முந்தின நாளே திடலில் சுண்ணாம்புப் பொடியால் கட்டம் போட்டு, உள்ளே பெயரின் முதல் எழுத்தை எழுதிவிட்டுப் போவார்கள். அப்புறம் அந்தக் கட்டத்தில் வேறொருத்தன் கால் வைக்க மாட்டான். போலீஸ் ஜீப்கூட ஒதுங்கித்தான் நிற்கும். காகிதத்தை எங்கள் ஆட்கள் நம்ப மாட்டார்கள், சுண்ணாம்பை நம்புவார்கள். அவரவர் உட்காரும் இடத்தையும், பக்கத்தில் என்ன வேண்டும் என்பதையும் திடலிலேயே கோடு போட்டுக் காட்டச் சொன்னால் என்ன என்று கேட்டேன்.

லாவண்யா என் கையைப் பிடித்துக்கொண்டாள். தம்பி நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டான். பிறகு, "அக்கா, இது எனக்குத் தோணாமப் போச்சே" என்றான். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

தண்ணீர் வரவில்லை. சிலிண்டர் தீர்ந்தது. எலுமிச்சங்காய் ஊறப்போட்டேன்.

பிப்ரவரி 13, வியாழன்

இன்று கோமதியிடம் பேசினேன். அவள் சம்மதித்தால் திடலே சம்மதித்த மாதிரி.

கோமதியும் நானும் ஒரே ஆவணியில் இந்தத் தெருவுக்கு மருமகள்களாக வந்தவர்கள். புருஷன் போன பிறகு அவள் தள்ளுவண்டியில் தோசைக்கல்லைப் போட்டு இரண்டு பெண்களை வளர்த்தாள். மூத்தவளைக் கட்டிக்கொடுத்தாயிற்று, இளையவள் நர்சிங் படிக்கிறாள். பழைய டைம் கீப்பர் அறைக்கு முன்னால் அவள் வண்டி நிற்கும். அந்த இடத்தில் நின்றால்தான், இன்னும் அந்த வழியாகப் போகிற டவுன் பஸ்ஸில் வந்து இறங்குகிற கூட்டம் நேராக அவள் கல்லுக்கு முன்னால் வரும். பத்தடி தள்ளி நின்றாலும் பாதி வியாபாரம் போய்விடும் என்பாள்.

வெங்காயம் அரிந்துகொண்டே கேட்டுக்கொண்டாள்.

"கோடு போட்டா என்ன ஆவும்?"

"படத்துல உன் இடத்த விட்டு வரைவாவ. மேல கூரை போட்டுத் தருவாவளா இருக்கும். தண்ணிக் கொழா கேளு."

"ஏட்டி வடிவு, நான் இருக்கிற எடம் இதுன்னு என் கையாலேயே காட்டிக் குடுக்கணும்னு சொல்லுத. எனக்கென்னமோ சரியாப் படல."

"என் தம்பிதான் கவுன்சிலரு. நான்தான் நடுவுல நிக்கேன். பொறவு என்ன பயம்? உன் எடத்துக்கு நான் பொறுப்பு."

அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நீ சொல்லுத. சரி" என்றாள்.

வரும் வழியில் பூக்காரி இசக்கியிடமும் சொன்னேன். அவளுக்கு விளக்கவே வேண்டியிருக்கவில்லை. "நீங்க சொன்னாப் போதும்க்கா, எப்பப் போடணும்?" என்றாள். எல்லோரும் இவளைப் போல இருந்தால் எவ்வளவு சுலபம்!

பிப்ரவரி 16, ஞாயிறு

இப்படி ஒரு நாளை நான் பார்த்ததில்லை.

காலையிலேயே சுண்ணாம்பு மூட்டை இறங்கிவிட்டது. முதலில் ஒருத்தரும் கிட்டே வரவில்லை. டீக்கடைக்கு அந்தப் பக்கம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். கோமதி வந்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கை நிறையப் பொடி எடுத்து, வண்டி நிற்கிற இடத்தைச் சுற்றி நான்கு கோடு இழுத்து, நடுவில் 'கோ' என்று எழுதினாள். தண்ணீர்க் குழாய்க்கு ஒரு வட்டம் போட்டாள். பிறகு என்னைப் பார்த்துக் கைகளைத் தட்டிக்கொண்டாள். அதைப் பார்த்ததும் மற்றவர்களும் இறங்கிவிட்டார்கள்.

கொத்தனார்கள் நிற்கிற மூலைக்குப் பெரிய நீளக் கட்டம் போட்டு, வெயிலுக்கு ஒரு பந்தல் வேண்டும் என்று கோடு கோடாகப் போட்டுக் காட்டினார்கள். சித்தாள் பெண்கள் கூடிப் பேசி, தள்ளி ஒரு ஓரத்தில் கட்டம் போட்டுவிட்டு, என்னவென்று சொல்லாமல் சிரித்தார்கள். கழிப்பறை. இதைக் கூட்டத்தில் எழுந்து எவள் கேட்பாள்? கரும்புச் சாறுக்காரரும் பழைய துணி விற்கிறவரும் எல்லைக் கோட்டுக்குச் சண்டை போட்டு, நான் போய்த் தீர்த்துவைத்தேன். இசக்கி தன் கூடைக்குப் போட்ட கட்டம் ஒரு முறம் அளவுதான் இருந்தது. "பெருசாப் போடுட்டி" என்றால், "இது போதும்க்கா, ஒரு வேப்பமரம் மட்டும் வச்சுத் தரச் சொல்லுங்க" என்றாள்.

மதியம் ஒரு சின்ன ஹெலிகாப்டர் மாதிரி ஒன்றை லாவண்யாவின் ஆட்கள் மேலே விட்டார்கள். அதில் கேமரா இருக்கிறதாம். பெரியவர்கள் பிள்ளைகள் எல்லோரும் அண்ணாந்து பார்த்துக் கையை ஆட்டினோம். அவரவர் தங்கள் கட்டத்துக்குள் போய் நின்றுகொண்டு ஆட்டினார்கள். தம்பிதான் அப்படி நிற்கச் சொன்னான்.

வீட்டுக்கு வந்து இவரிடம் ஒன்று விடாமல் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இதுநாள் வரைக்கும் ஆள் வந்தா ஓடிருவாங்க. இனிமே எங்க ஓடுவாங்க?" என்றார். நல்ல நாளும் பொழுதுமாக இவர் வாயில் வேறென்ன வரும்? சாப்பாட்டைப் போட்டுவிட்டுப் படுத்துவிட்டேன்.

பிப்ரவரி 24, திங்கள்

தம்பி பொண்டாட்டி பிரேமா வந்தாள். கல்யாணமான நாளிலிருந்து என் வீட்டுத் தண்ணீரைக்கூட யோசித்துக் குடிக்கிறவள், இன்று "மைனி, மைனி" என்று அடுப்படி வரைக்கும் வந்தாள். கோமதி கடையில் எந்தச் சட்னி நன்றாகப் போகிறது, எப்போது கூட்டம், மாவு எங்கே அரைக்கிறாள் என்றெல்லாம் கேட்டாள். வீட்டில் தோசை சரியாக வரவில்லை போலிருக்கிறது. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அப்பா இறந்த பிறகு எங்களுக்குள் போக்குவரத்து குறைந்துபோயிருந்தது. இந்தச் சதுக்கத்தால் அதுவும் சரியாகிறது.

மார்ச் 11, செவ்வாய்

லாவண்யா போனை எடுக்கவில்லை. சென்னையில் வேலை அதிகமாக இருக்கும். ஊறுகாய் பூத்துவிட்டது; உப்பு பற்றவில்லை.

மார்ச் 30, ஞாயிறு

மாதிரிப் படத்தைத் திறந்துவைத்தார்கள். பந்தல், மைக், ரோஸ் மில்க். எனக்கு முன் வரிசையில் நாற்காலி. 

பெரிய பேனரில் சதுக்கம் பளபளவென்று இருந்தது. நடுவில் நீரூற்று. நம் ஊர் பெயரை ஆளுயர எழுத்தில் எழுதி, முன்னால் ஒரு சிவப்பு இதயம். அதன் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்துக்கொள்ள வேண்டுமாம். ஒரு ஓரத்தில் கண்ணாடி போட்ட சாப்பாட்டுக் கடைகள். படத்தில் நடக்கிற ஜனங்கள் எல்லோரும் வெள்ளைத் தோலும் குளிர்கண்ணாடியுமாக இருந்தார்கள். அதில் எங்கள் ஊர்க்காரர் ஒருத்தரையும் காணோம்.

எங்கள் ஆட்கள் பேனர் கிட்டே போய் விரலை வைத்துத் தேடினார்கள். கொத்தனார் மூலை புல்தரை ஆகியிருந்தது. கழிப்பறை இல்லை. டைம் கீப்பர் அறையே இல்லை, அங்கேதான் நீரூற்று. கோமதி விரலை அந்தத் தண்ணீரின் மேல் வைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ரோஸ் மில்க் வாங்கப் போவதுபோல நகர்ந்துவிட்டேன்.

மேடையில் தம்பி பேசினான். "இது அதிகாரிங்க போட்ட திட்டம் இல்ல. நம்ம மக்கள் தங்கள் கையாலயே வரைஞ்சு குடுத்த திட்டம்!" எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், பழக்கத்தில் தட்டிவிட்டேன்.

லாவண்யாவைத் தனியே பிடித்து, "இசக்கி ஒரு மரம் கேட்டாளே, அதுகூட இல்லையே?" என்றேன்.

"அக்கா, டிசைன் போன நவம்பர்லயே முடிஞ்சுடுச்சே. மக்கள்கிட்ட கருத்து கேட்டோம்னு காட்டினாத்தான் ஃபண்ட் வரும். உங்க சுண்ணாம்பு ஐடியாவுக்கு எங்க ஆபீஸ்ல எவ்ளோ பாராட்டு தெரியுமா?" என்றாள். அவள் சொன்ன விதத்தைப் பார்த்தால், எனக்கு இது முன்பே தெரியும் என்று நினைத்திருப்பாள்போல.

தம்பிக்கும் தெரிந்திருக்காது. அவனையும் ஏமாற்றியிருப்பார்கள்.

ஏப்ரல் 8, செவ்வாய்

நோட்டீஸ் வந்துவிட்டது. கட்டம் போட்ட ஒவ்வொருத்தருக்கும், கட்டத்தின் நீள அகலத்தோடு, தனித்தனியாக. 'தாங்களே முன்வந்து அடையாளமிட்டுக் காட்டியுள்ள ஆக்கிரமிப்பை' உடனே அகற்ற வேண்டுமாம். ஆட்சேபணை இருந்தால் 21ஆம் தேதி ஆணையர் முன்னால் சொல்லலாமாம். ஒவ்வொன்றிலும் மேலேயிருந்து எடுத்த படம். கோமதியுடையதில் அவள் 'கோ'வின் மேல் நின்று சிரித்தபடி கையை ஆட்டிக்கொண்டிருக்கிறாள்.

இசக்கி தன் நோட்டீஸை என்னிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். "மரம் உண்டா, இல்லியாக்கா?" என்று கேட்டாள்.

கோமதி வாசலில் நின்றாள், உள்ளே வரவில்லை. "பொறுப்புன்னியே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். இதற்கு அவள் நாலு கெட்ட வார்த்தை திட்டியிருக்கலாம்.

ஏப்ரல் 9, புதன்

தம்பி வீட்டுக்குப் போனேன். கூடத்தில் புது ஸ்டீல் மேடையும் பெரிய தோசைக்கல்லும் அட்டை பிரிக்காமல் இருந்தன. யாருக்கோ வாங்கிவைத்திருக்கிறார்கள்.

"ஏல பாண்டி, உனக்கு முன்னாலயே தெரியுமா?"

அவன் மறைக்கவே இல்லை. அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. "தெரியாம இருக்குமாக்கா? அந்தத் திடலக் காலி பண்ண மூணு கமிஷனர் பாத்தாச்சு. ஆளப் பிடிச்சாத்தான நோட்டீஸ் குடுக்க முடியும்? எவனும் என் எடம்னு சொல்ல மாட்டான். நான் போயிக் கேட்டா ஒருத்தன் வாயத் தொறப்பானா? நீ கேட்ட, சொன்னாவ" என்றான்.

"என்னைய வச்சு அவங்க கழுத்த அறுத்துட்டியல!"

"ஊரு நல்லா வரணும்னா நாலு வண்டி நகரணும். உனக்கு என்ன கொறச்சல் இதுல? அட்டை குடுத்தோம், முன் வரிசையில உக்கார வச்சோம்."

இவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு நான் கிணற்றடியில் தண்ணீர் இறைத்திருக்கிறேன். இவன் பரீட்சைக்குப் பணம் கட்ட என் கம்மலைக் கழற்றிக் கொடுத்திருக்கிறேன். நான் அழுதேன். பிரேமா மோர் கொண்டுவந்து வைத்தாள். குடிக்காமல் வந்துவிட்டேன்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை முதல் நாள். தம்பி வீட்டுக்குப் போகாத முதல் வருஷப் பிறப்பு. அவன் மாம்பழக் கூடை அனுப்பியிருந்தான், திருப்பி அனுப்பினேன். இவர் பாயசம் இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

21ஆம் தேதி நான் ஆணையர் முன்னால் பேசப் போகிறேன். இடம் தருவோம் என்று சொல்லித்தான் கோடு போடவைத்தோம், அதை எப்படி ஒப்புதல் என்று எழுதலாம் என்று கேட்கப் போகிறேன். தம்பி பெயரையும் சொல்வேன். கோமதியின் வீட்டுக்குப் போய் அவளிடம் சொன்னேன். தலையைத் தலையை ஆட்டினாள். களைப்பாக இருந்தாள். சின்னவளுக்குக் காலேஜில் ஏதோ கட்ட வேண்டுமாம்.

ஏப்ரல் 19, சனி

தம்பி கடைசியாக ஒருமுறை போன் பண்ணினான். "நீ பேசுனா என் பதவி போயிரும்க்கா" என்றான். போகட்டும் என்று சொல்லி வைத்துவிட்டேன். இத்தனை நாளில் இன்றுதான் நிம்மதியாகத் தையல் மெஷினில் உட்கார்ந்தேன்.

ஏப்ரல் 21, திங்கள்

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

நகராட்சி மாடியில் எல்லோரும் கூடியிருந்தோம். இசக்கி மட்டும் வரவில்லை. கல்யாண வீட்டு மாலை இருக்கிறது, அக்கா பார்த்துக்கொள்வாள் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். ஆணையருக்குப் பக்கத்தில் தம்பி. என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் எழுந்தேன். அடையாள அட்டையைக் கழற்றி மேஜையில் வைத்தேன். "ஐயா, அம்மன் கொடைக்குக் கட்டம் போட்டா அது அவங்க எடம். எங்க ஊரு வழக்கம் அது. அந்த நம்பிக்கையிலதான் போட்டாங்க. படத்துல எடம் விட்டு வரைவாங்கன்னு நான் சொன்னேன். என்னையச் சொல்ல வச்சது கவுன்சிலரு. ஆக்கிரமிப்பு பண்ணுனோம்னு யாரும் ஒத்துக்கிடல" என்றேன். சொல்ல நினைத்துவந்ததில் ஒரு வார்த்தை விடவில்லை.

ஆணையர் பேனாவை மூடினார். "இடம் தர்றோம்னு சொல்லி வரையவச்சிருந்தா இந்த நோட்டீஸ் நிக்காதும்மா. நான் திரும்ப எடுத்துக்கிட்டு முறையாத்தான் செய்யணும். ஆனா நீங்க சொன்னாப் போதாது, வரைஞ்சவங்க சொல்லணும்" என்றார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "முதல்ல கோடு போட்டது யாரு?" என்று கேட்டார்.

கோமதி எழுந்தாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. 

"இந்தம்மா இடம் தர்றதாச் சொல்லித்தான் போட்டீங்களா?"

"இல்ல சார்" என்றாள் கோமதி. "யாரும் ஒண்ணும் சொல்லல. நகராட்சி எடம்னு எனக்குத் தெரியும். கேட்டாவ, நானாத்தான் போட்டுக் காட்டுனேன்."

நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துச் சொன்னாள்.

அதற்குப் பிறகு ஆணையர் ஒவ்வொருத்தராகக் கேட்டார். கரும்புச் சாறுக்காரர் வாயைத் திறந்து, கோமதியைப் பார்த்து, மூடிக்கொண்டார். கோமதியே அப்படிச் சொன்னால் அதில் ஏதோ விவரம் இருக்கும் என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. ஒருத்தர் பின் ஒருத்தராக, "நானாத்தான் போட்டேன்" என்றார்கள். அன்றைக்கு அவள் பின்னால் கோடு போட்ட மாதிரியே.

ஆணையர் என்னிடம் அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். எப்படிப் படி இறங்கினேன் என்று ஞாபகம் இல்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

விடிந்ததும் கோமதி வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் உளுந்து களைந்துகொண்டிருந்தாள். "வா" என்றாள். மனையை நகர்த்திப் போட்டாள். நான் உட்காரவில்லை.

"என்ன குடுத்தான்?"

"சதுக்கத்துக்குள்ள கண்ணாடிக் கடை ஒண்ணு. கடை பிரேமா பேர்ல. அடுப்பு எனக்கு. மாசச் சம்பளம்."

"உனக்காகத்தானட்டி நான் கூடப்பிறந்தவனையே விட்டுட்டு வந்தேன்!"

"நான் விடச் சொன்னேனா?" உளுந்துத் தண்ணீரை வடித்துவிட்டு நிமிர்ந்தாள். "மொதல்ல உன்னைய வச்சு என்கிட்ட எடத்தை வாங்குனான். பொறவு என்கிட்ட நேராவே வந்தான். ரெண்டு தடவையும் எனக்கு வேற வழி இல்ல. நேத்து நீ பேசி நோட்டீஸ் நின்னாலும் அடுத்த மாசம் வேற நோட்டீஸ் வரும். அப்ப யாரு பொறுப்பு, நீயா?"

"மத்தவங்க? இசக்கி?"

அவள் உளுந்தை இன்னொரு தண்ணீரில் களைந்தாள். "காப்பி குடிக்கியா?" என்றாள்.

தம்பி செய்தபோது கத்தினேன், அழுதேன். கோமதிக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. அவள் சொன்னதில் எது தப்பு என்று வழியெல்லாம் தேடிக்கொண்டே வந்தேன். அவள் செய்தது துரோகம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதை யாரிடம் போய்ச் சொல்வது?

ஏப்ரல் 28, திங்கள்

ஜேசிபி வந்தது. நான் போகவில்லை, தலைவலி. மழைக்கு முன்னால் தகர வேலியும் அடித்துவிட்டார்கள் என்று இவர் சொன்னார். வேலி முழுக்கப் பேனராம், சுண்ணாம்புக் கோடு போட்ட அன்றைக்கு எடுத்த படம். நான் நடுவில் நிற்கிறேனாம், நன்றாக விழுந்திருக்கிறேனாம்.

ஏப்ரல் 30, புதன்

அரிசி களைந்துகொண்டிருக்கும்போது வாசலில் "யக்கா" என்று குரல் கேட்டது. இசக்கி. தலையில் பூக்கூடை, கையில் ஒரு தேங்காய்ச் சிரட்டை.

மூன்று நாளாகத் தெருத் தெருவாகச் சுற்றுகிறாளாம். மதில் ஓரம் உட்கார்ந்தால் கோயில் ஆள் விரட்டுகிறானாம். பேங்க் வாசலில் செக்யூரிட்டி விரட்டுகிறானாம். குறையாகச் சொல்லவில்லை, விவரமாகச் சொன்னாள். பிறகு சிரட்டையைக் கீழே வைத்தாள். உள்ளே சுண்ணாம்புப் பொடி.

"எங்க போயி உக்காரணும்னு யாருக்கும் தெரியல. உங்களுக்குத் தெரியும்லாக்கா. எங்கன போடணும்னு சொல்லுங்க, இப்பவே போயிக் கோடு போட்டுட்டு வந்துருதேன்."

நடந்தது எல்லாவற்றையும் அவளுக்குச் சொன்னேன். தம்பி, லாவண்யா, கோமதி, ஒன்று விடாமல். நான் சொன்னதால்தான் உன் இடம் போனது என்பதையும் என் வாயாலேயே சொன்னேன். கவனமாகக் கேட்டுக்கொண்டாள். 

"அவங்க அப்படிச் செஞ்சுட்டாவ. நீங்க என்ன செய்வீங்க, பாவம்" என்றாள். "சரிக்கா, இப்ப எங்கன போட?"

"எங்கயும் போடாத இசக்கி. இனிமே யாரு சொன்னாலும் போடாத. நான் சொன்னாலும் போடாத."

"சரிக்கா" என்றாள் உடனே. கூடையை இறக்கி நிழலில் வைத்துவிட்டு, படியில் உட்கார்ந்து, நூலை எடுத்துக்கொண்டாள். "நீங்க யோசிச்சுச் சொல்லுங்க. ஒண்ணும் அவசரம் இல்ல."

நான் உள்ளே வந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். சோறு வடித்தாயிற்று, குழம்பும் இறக்கியாயிற்று. அவள் இன்னும் படியில்தான் உட்கார்ந்து பூக்கட்டிக்கொண்டிருக்கிறாள்.